மச்சான் அடைத்த கறிக்குழம்பு

என் அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மச்சான், வளைகுடாவில் ஓட்டல் சமையல்காரராக இருந்துவிட்டு அருப்புக்கோட்டைக்குத் திரும்பியவர். சும்மா இருக்கத் தெரியாது. தக்காளி விலை விழுந்து கிடந்த சமயத்தில் கண்ணாடி பாட்டில்களில் தக்காளியை அடைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, இறுக மூடி, கொதிக்கும் தண்ணீரில் முக்கி வைத்து எடுத்தார். மாதக்கணக்கில் கெடவில்லை. அதன் பிறகு தெருவில் யார் வீட்டில் குழம்பு மிஞ்சினாலும், பாட்டிலில் போட்டால் ஒரு வருசம் நிற்கும் என்று ஆஜராகிவிடுவார்.

அடுத்ததாக ஆட்டுக்கறிக் குழம்பையும் அதே மாதிரி அடைத்தார். கறியில் புளிப்பு கிடையாதே என்று அக்கா கேட்டதற்கு, மசாலா பார்த்துக்கொள்ளும் என்றார்.

அக்கா மகளைக் கட்டிக்கொடுத்த நரிக்குடி சம்பந்திகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதாக இருந்தது. கறி வாங்கக் கிளம்பிய என்னை, பாட்டில் குழம்பு இருக்கே என்று மச்சான் தடுத்துவிட்டார். அலமாரியைத் திறந்தால், குழம்பு பாட்டில் மூடிகள் எல்லாம் பூரி மாதிரி உப்பியிருந்தன. நம்ம ஊர் வெயிலுக்கு இரும்பே உப்பும் என்றார் மச்சான்.

அக்கா சண்டை போடவில்லை. தட்டும் கரண்டியும் வைத்து அவரை உட்காரச் சொன்னாள். பிறகு, ஆட்டோக்காரர் நம்பர் இருக்கிறதா என்று அவர் காதில் விழும்படி என்னிடம் கேட்டாள்.

"ஆட்டோ எதுக்கு?" என்றார் மச்சான்.

"பெரியாஸ்பத்திரி போகத்தான். முதல்ல நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலைனா அவுகளுக்கும் வைப்போம்."

மச்சான் வீம்புக்கு மூடியைத் திருகினார். புஸ்ஸென்று சீறிய குழம்பு மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனில் பட்டது. சுவர், காலண்டர், என் கண்ணாடி, மச்சானின் வெள்ளைச் சட்டை என்று ஃபேன் எல்லாருக்கும் பரிமாறிவிட்டது. அக்கா மட்டும் முன்பே கதவுக்குப் பின்னால் போயிருந்தாள். கரண்டி வாய்க்குப் போயிருந்தால் தட்டிவிட்டிருப்பேன் என்று பிற்பாடு சொன்னாள். மச்சான் அதை இன்னும் முழுசாக நம்பவில்லை.

சம்பந்திகளுக்குப் பாட்டில் தக்காளியில் ரசமும், ஆம்லெட்டும் போட்டோம். ரசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்த சம்பந்தியம்மா, ஃபேனை அண்ணாந்து பார்த்து விவரம் கேட்டார். நர்ஸாக இருந்தவர்.

வாடை மாறவே இல்லையே என்று மச்சான் இழுத்தார்.

"வாடை மாறாமலே வெசமாயிருக்கும்ணே. பாட்டில்ல அடைச்சு வெறும் கொதிதண்ணியில முக்கி எடுத்த கறிய ஒரு நாள்கூட அப்படி வெளிய வைக்கக்கூடாது. மிச்சத்தத் திறக்காம புதைச்சிருங்க."

அன்று சாயங்காலமே கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டினோம்.

இப்போது யாராவது கறியைப் பாட்டிலில் அடைக்கலாமா என்று கேட்டால், ஏதோ தானே ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடித்த மாதிரி, "கூடவே கூடாது" என்கிறார் மச்சான்.