வேனில் ஏறாத மகள்

அழுவதற்காகத்தான் அவளை முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார் வக்கீல். "நிஜமா அழணும்னு இல்லம்மா, கண்ணைத் துடைச்சாப் போதும்" என்று சலுகை வேறு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கறை படிந்த விரிப்புகளைக் கொதிநீரில் அலசுகிறவள் அவள். மருந்து நெடியில் வேலை நாளெல்லாம் கண்ணீர் தாராளமாக வடியும். அன்றைக்கென்று பார்த்து ஒரு சொட்டு வரவில்லை.

கூண்டில் நின்றவன் அவள் கணவன், பள்ளி வேன் டிரைவர். கூட ஓட்டுகிறவர்கள் கிண்டலாக வைத்த பெயர் பைலட். அதைப் பாராட்டு என்று நம்பியவன் அவன் ஒருவன்தான். ஒரு மதியம், பிள்ளைகளை ஏற்றப் போன இடத்தில், குடித்த வாயோடு வேனைப் பின்னால் எடுத்து, பள்ளி வாட்ச்மேனை வாசல் கதவோடு வைத்து நசுக்கிவிட்டான். உயிர் தப்பியது. கால்தான் இனி பேருக்குக் கால். பைலட் குற்றத்தை ஒப்புக்கொண்டாயிற்று. என்ன தண்டனை என்பதுதான் பாக்கி.

முந்தின நாள் வக்கீல் வீட்டுக்கே வந்து விளக்கியிருந்தார். "ரத்தத்துல எவ்வளவு சரக்கு இருந்துச்சு, யாருக்கு அடி பட்டுச்சு, வண்டியில யாரை ஏத்துறவன், இதெல்லாம் நமக்கு எதிரா நிக்கும். முதல் குற்றம், தானா ஒத்துக்கிட்டான், அவனை நம்பி ஒரு குடும்பம் இருக்கு, இதெல்லாம் நம்ம பக்கம். நீதிபதி ரெண்டையும் சீர்தூக்கித்தான் தீர்ப்புச் சொல்வார். அபராதமும் கொஞ்ச நாள் லைசென்ஸ் முடக்கமுமா முடிச்சிடலாம். இல்லேன்னா ஜெயில்தான், லைசென்ஸும் போனது போனதுதான். இவன் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது."

அவனை நம்பிய குடும்பம் எது என்று அவள் கேட்கவில்லை. வீட்டு வாடகையும் சோறும் சலவைக்கூடத்துச் சம்பளத்தில் நடந்தன. அவன் சம்பளம் போன வழி மதுக்கடைக்காரருக்குத் தெரியும். ஆனாலும் அவன் உள்ளே போகக் கூடாது என்றுதான் அவளும் விரும்பினாள். ஜெயிலுக்குப் போனவன் பெண் என்று மகளை ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது அரசு வக்கீல் எழுந்து, "வேனைப் பின்னால எடுக்கக்கூடத் தெரியாத ஆள் கையில குழந்தைகளைக் கொடுத்திருக்காங்க ஐயா" என்றார். குடிகாரன் என்று சொல்லியிருந்தால் பைலட் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருப்பான். ஓட்டத் தெரியாதவன் என்றால் எந்த டிரைவர் பொறுத்துக்கொள்வான்?

"ஐயா, நானு எத்தனையோ வருஷமா ரெண்டு ரவுண்டு போட்டுட்டுத்தான் வண்டியையே எடுக்கிறேன். ஒரு கீறல் விழுந்தது கிடையாது. போடாத அன்னைக்குத்தான் கை நடுங்கும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது மழை பெய்தது என்று ஒரு சாக்கு உண்டு. நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

வக்கீல் பதறி எழுந்தார். "பதட்டத்துல உளர்றான் ஐயா. பொறுப்பான தகப்பன். சம்சாரம் இதோ இருக்காங்க, அவங்களையே கேளுங்க."

நீதிபதி அவள் பக்கம் திரும்பினார். "பொண்ணு எங்கம்மா படிக்குது?"

"இவர் வேன் ஓட்டுற பள்ளிக்கூடத்துலதாங்க."

"அப்ப அப்பா வேன்லயே போயிட்டு வந்துடும்."

ஆமாம் என்று ஒரு சொல் போதும். வக்கீல் தலையை ஆட்டி ஆட்டி அந்தச் சொல்லைக் கேட்டார். ஆனால் கடைசி வரிசையில், ஊன்றுகோலை மடியில் கிடத்திக்கொண்டு வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். தினம் காலையில் அவள் மகளுக்குக் கதவு திறந்துவிட்டவர். அவர் முகத்துக்கு முன்னால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளால் முடியவில்லை.

"இல்லீங்க ஐயா. நடந்துதான் போவா."

"மழையிலயுமா?"

"மழையிலயும்தாங்க."

"ஏன்?"

அவள் கூண்டில் நின்றவனைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குமேல் யாருக்கும் பதில் தேவைப்படவில்லை.

இப்போது பிடிபட்டதுதான் முதல் தடவை, செய்தது முதல் தடவை அல்ல என்றார் நீதிபதி. ஒப்புக்கொண்டதற்காகக் கொஞ்சம் குறைத்தார். குழந்தைகளை ஏற்றுகிற வண்டி என்பதற்காக அதைவிட அதிகமாகக் கூட்டினார். சிறை. லைசென்ஸ் ரத்து. போலீஸ்காரர் கூட்டிப்போகும்போது பைலட் அவள் பக்கம் குனிந்து, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி, பாவி" என்றான். சொல்லியிருக்கலாம்தான். அவனுக்காகப் பொய் சொல்வது அவளுக்கு ஒன்றும் புதிதில்லை. போதை தெளியாத காலைகளில் அவனுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்குப் போன் செய்கிறவள் அவள்தான்.

வெளியே நீளமான தாழ்வாரத்தில் வாட்ச்மேன் சுவரைப் பிடித்து நின்றார். அவள் கிட்டே போனாள். உண்மையைச் சொல்லிவிட்ட தெம்பு கொஞ்சம் இருந்தது. அவர் ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்றுகூட எதிர்பார்த்தாள்.

"அண்ணே, அவரு செஞ்சதுக்கு என்னை மன்னிச்சிடுங்க."

அவர் ஊன்றுகோலைக் கக்கத்தில் சரிசெய்துகொண்டார்.

"உங்க பொண்ணு வேர்த்து விறுவிறுத்து வரும்மா. ஏன் பாப்பா, வேன்ல வரலையான்னு கேட்பேன். அம்மா வேணாம்னாங்கன்னு சொல்லும். நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு விடறீங்கன்னு நான் நினைச்சுக்கிட்டேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் பேத்தி அந்த வேன்லதாம்மா வந்துட்டிருந்தா" என்றார் அவர்.