விலைபோகாத பசு

பள்ளிபாளையம் போகிற வழியில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. எதிரே மாட்டுச் சந்தை. என் மதுரை ஜவுளிக்கடைக்குச் சரக்கு எடுக்க வந்த நான், இறங்கிப் புளியமர நிழலில் நிற்கிறேன்.

பக்கத்தில் ஓர் அம்மா செவலைப் பசுவோடு நிற்கிறார். மடியைத் தடவிப் பார்த்த வியாபாரிக்கு மாடு பிடித்துவிட்டது.

"எந்த ஊருங்க?"

அந்த அம்மா ஊரைச் சொல்கிறார்.

"சாயப்பட்டறைக்கு ஒட்டுனாப்லயா? கெணத்துத் தண்ணியா குடிக்குது?"

"ஆமாங்க. வேற தண்ணிக்கு எங்கீங்க போறது?"

"கன்னு?"

"ரெண்டு ஈத்தும் செத்துத்தான் பொறந்துச்சுங்க."

வியாபாரி அடுத்த மாட்டிடம் போகிறார்.

"மறைச்சிருக்கலாமே அம்மா" என்கிறேன்.

"வாங்கறவரும் நம்மளாட்ட குடும்பஸ்தருதானுங்களே. எங்களுக்காச்சும் குடிக்க லாரித் தண்ணி வருது. இதுக்கு யாருங்க ஊத்துவா?"

நான் எதற்கு வந்தேன் என்று கேட்கிறார். துணி எடுக்க என்கிறேன்.

"எடுங்க சாமி. எங்கூர்ச் சாயம் நல்ல சாயமுங்க. எத்தன தொவச்சாலும் போகாது."

குரலில் கேலி இல்லை. என்னால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பசுவை வீட்டுக்கே திருப்பி ஓட்டுகிறார். சந்தை வாசலில் குழாய்த் தண்ணீர் நிரம்பிய தொட்டியைக் கண்டதும் பசு நின்று வாயை வைக்கிறது. வெகுநேரம் குடிக்கிறது. அவர் கயிற்றை இழுக்கவில்லை.

"குடிச்சுக்க சாமி" என்று அதன் கழுத்தைத் தடவுகிறார். "இன்னங் கொஞ்சம் குடிச்சுக்க."