காய்ச்சல் இல்லை என்று சொன்ன எட்டு நாள்

கொரோனாவின் மூன்றாவது அலை வந்த அந்தத் தை மாதத்தில், எங்கள் தெருவுக்குக் காய்ச்சல் கணக்கெடுக்கும் பெண் காலை ஒன்பது மணிக்கு வருவாள். நெற்றிக்கு நேரே பிடிக்கிற கருவி ஒரு கையில், நோட்டு இன்னொரு கையில். நான் எட்டு மணிக்கே பாராசிட்டமால் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருப்பேன். ஒரு மணி நேரத்தில் உடம்புச் சூடு எவ்வளவு இறங்கும் என்பது எனக்கு அத்துப்படி. முப்பது வருடமாகப் பீங்கான் சூளை முன்னால் நின்று சூட்டைக் கணக்குப் பார்த்தவன் நான். அந்தப் புத்தியை இதற்கும் பயன்படுத்தினேன்.

"சார், காய்ச்சல், சளி எதனா இருக்குதுங்களா?"

"ஒண்ணும் இல்லம்மா. கால்தான் சுளுக்கிக்கிச்சு."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். வலது கணுக்காலில் பட்டையாக ஒரு கட்டுப் போட்டிருந்தேன். அவள் கருவியைப் பார்த்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, "பாத்து நடங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். கதவைச் சாத்திவிட்டு வந்து படுத்தால் உடம்பு முழுக்க அடித்துப் போட்ட மாதிரி வலிக்கும். மூன்றாம் நாள் வாய்க்கு ருசி போனது. வந்திருப்பது எது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. விருத்தாசலத்தில் என்னைப் போன்ற சின்னப் பட்டறைக்காரர்களுக்குச் சொந்தச் சூளை கிடையாது. பொதுச் சூளையில் முறை வைத்துக்கொண்டு சுடுவோம். நான் செய்வது கரண்டுப் பெட்டியில் மாட்டும் ஃபியூஸ் கட்டை. அந்த முறை என் கட்டைகளோடு ஒருவருடைய பொம்மைகளும் இன்னொருவருடைய ஊறுகாய் ஜாடிகளும் ஒரே சூளையில் ஏற வேண்டியிருந்தது. எங்களில் ஒருவனுக்கு நோய் என்று நோட்டில் ஏறிவிட்டால் சூளைக் கூடத்தைப் பூட்டி மருந்தடிப்பார்கள். எல்லோருடைய முறையும் தள்ளிப்போகும். ஊர் வாயில் நான் விழுவேன். அதனால் என் சரக்கை அவர்கள் இருவரையே அடுக்கச் சொல்லிவிட்டு, சுளுக்கு என்று வீட்டில் கிடந்தேன்.

சுளுக்கு என்றால் நம் ஊரில் ஆளுக்கு ஒரு வைத்தியம் வைத்திருப்பார்கள். பொம்மைக்காரர் தைலம் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தார். "நானே வந்து நீவி உட்றேன், ரெண்டே இழுப்பு" என்றார். வேண்டாம் என்று தடுப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. பக்கத்து வீட்டு அம்மா இரண்டு வேளையும் ரசம் சாதம் கொடுத்தனுப்பினார்கள். நோயோடு இருந்த அந்த எட்டு நாளும் என்னைச் சுற்றி ஆள் இருந்தது. அடுத்த வாரம் பொம்மைக்காரருக்கு இருமல் என்று கேள்விப்பட்டேன். என்னாலா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

தினமும் சாயங்காலம் போனில் என் மகளும் அதே கேள்வியைக் கேட்டாள். அவள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். அவளுக்கும் அதே பதில்தான், அதே சுளுக்குதான்.

மாசி கடைசியில் அவளுக்குக் கல்யாணம். சிங்கப்பூரிலேயே, சின்னதாக. அவளுடைய அம்மா இறந்து ஆறு வருடமாகிறது. கல்யாணத்தில் தாரை வார்ப்பது என்று ஒரு சடங்கு உண்டு. பெண்ணின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து, தண்ணீர் வார்த்து ஒப்படைப்பது. தம்பதியாகத்தான் செய்ய வேண்டும், தனி ஆள் வார்க்கக் கூடாது என்று உறவினர்கள் ஆரம்பித்தார்கள். சிங்கப்பூரில் எங்கள் பக்கத்துத் தம்பதி யாரும் இல்லாததால் மாப்பிள்ளையின் பெரியப்பாவும் பெரியம்மாவும் வார்க்கட்டும் என்று ஏற்பாடும் ஆயிற்று. மகள் போனிலேயே ஒரே போடாகப் போட்டாள்.

"எங்க அப்பா ஊத்துனாதான் என் கை நீளும். இல்லன்னா ரிஜிஸ்டர் ஆபீஸோட முடிச்சிக்கலாம்."

வேட்டி எடுக்கக் கடைத்தெருவுக்குப் போனவன், வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சிங்கப்பூர் சிங்கப்பூர் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

விமானத்துக்கு இரண்டு நாள் முன்னால் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை எடுத்தாக வேண்டும். நான் தேறி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பட்டறைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன், நன்றாகச் சாப்பிட்டேன். சாதாரணமாக மூக்கைக் காட்டிவிட்டு வந்தேன். மறுநாள் போனில் செய்தி வந்தது. பாசிட்டிவ்.

ஓடினேன் டாக்டரம்மாவிடம். என் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர் இருப்பார். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை என்றார்.

"கிருமி செத்துப்போயிருக்கும் சார். அதோட துணுக்கு மூக்குல ஒட்டிக்கிட்டிருக்குது. சில பேருக்கு ரெண்டு மாசம்கூட பாசிட்டிவ் காட்டும். யாருக்கும் ஒட்டாது."

எனக்குப் புரிந்தது. தீயை நிறுத்தி இரண்டு நாள் ஆனாலும் சூளைக் கதவில் கை வைக்க முடியாது. அந்த மாதிரி.

"அப்ப அதையே எழுதிக் குடுத்துடுங்கம்மா."

"தாராளமா. குணமாயிட்டாருன்னு சர்டிபிகேட் குடுத்தா அந்த ஊர்ல ஏத்துக்கறாங்க. காய்ச்சல் வந்தப்ப எடுத்த டெஸ்ட் பேப்பர குடுங்க."

நான் வெறுங்கையை விரித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"டெஸ்டே எடுக்கலிங்களா? அப்ப இன்னைக்குத்தான் உங்களுக்கு மொத நாளு. இதுலேர்ந்து பதினாலு நாள் போனாத்தான் எழுத முடியும்."

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது.

நடுவில் ஒரு தடவையாவது நெகட்டிவ் வந்துவிட்டால் போதும் என்று ஒரு வழி பாக்கி இருந்தது. டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன். உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவினேன். ஆவி பிடித்தேன். பழமலைநாதர் கோயில் கோபுரத்தைத் தூரத்திலிருந்து கும்பிட்டேன், ஏனென்றால் நான் வெளியே போகக் கூடாது. நான்கு நாள் கழித்து எடுத்தது பாசிட்டிவ். அதற்கும் நான்கு நாள் கழித்து எடுத்ததும் பாசிட்டிவ். கல்யாணத்துக்கு முன் கிடைத்த கடைசி விமானம் நான் இல்லாமல் சென்னையிலிருந்து கிளம்பிப் போனது.

இதற்குள் என் வாசலில் நோய் வீடு என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். நோயோடு இருந்தபோது தைலம் வந்தது, ரசம் வந்தது. குணமான பிறகு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா என்னைப் பார்த்ததும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். சூளைக் கூடத்தையும் பூட்டி மருந்தடித்தார்கள். எது நடக்கக் கூடாது என்று அவ்வளவு நாடகம் ஆடினேனோ, அது எனக்கு ஒன்றுமே இல்லாத நாளில் நடந்தது. ஜாடிக்காரர் போன் செய்து, "என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க" என்றார். அதற்குப் பிறகு அந்த வாரம் அவர் பேசவில்லை.

வந்தவள் காய்ச்சல் கணக்கெடுக்கும் பெண் ஒருத்திதான். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு கேட்பாள்.

"இன்னைக்கு எப்படி இருக்குதுங்க சார்?"

"ஒண்ணும் இல்லம்மா. நெஜமாவே ஒண்ணும் இல்ல."

"கால் தேவலையா?"

கால் என்றதும் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையை ஆட்டினேன். அவள் போன பிறகு மறுநாள் ஒன்பது மணி வரை என்னிடம் பேச யாரும் கிடையாது. சில நாள் அவள் வரச் சற்றுத் தாமதமானால் கேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொய் சொல்லித் துரத்திய ஆளுக்காக இப்படிக் காத்திருந்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மகள் போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது. எனக்குச் சமாதானம் சொல்லத்தான் பேசினாள்.

"அந்த லேப்புக்காரன் மேல கேஸ் போடணும்பா. நல்லா இருக்கற ஆளுக்கு மூணு வாட்டி பாசிட்டிவ்னு குடுக்கறான்."

யாரோ ஒருவன் தலையில் அது விழுந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்புறம் முடியவில்லை. மாத்திரை, கணுக்கால் கட்டு, எட்டு நாள், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கடைசி வரை கேட்டாள்.

"தெனமும் கேட்டேனேப்பா."

"ஆமா பாப்பா."

"கல்யாணத்த விடு. அந்த எட்டு நாளும் வூட்ல தனியாவா காய்ச்சலோட கெடந்த?"

திட்டுவாள் என்றுதான் மனதைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"சரி, காலையில ஏழு மணிக்கு சொம்பும் தாம்பாளமும் எடுத்து வச்சிக்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

காலையில் குளித்து, கல்யாணத்துக்கென்று எடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டேன். போனை ஊறுகாய் ஜாடி மேல் சாய்த்து வைத்து, எதிரே தரையில் உட்கார்ந்தேன். சொம்பு நிறையத் தண்ணீர், கீழே தாம்பாளம். திரையில் மகளின் கை மாப்பிள்ளையின் கைமேல் இருந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா சொம்போடு பக்கத்தில் வந்தார். மகள் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, போனைப் பார்த்தாள்.

"ஊத்துப்பா."

வார்த்தேன். அங்கே அவள் கை நனையாமல் நீட்டியபடியே இருந்தது. இங்கே தண்ணீர் தாம்பாளத்தில் விழுந்து சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. இடது கையைக் கொண்டுபோய்த் தண்ணீருக்குக் கீழே வைத்துக்கொண்டு, சொம்பு காலியாகும் வரை என் கைமேலேயே வார்த்தேன்.