அரைமணி நேரம்தான்

என் அக்காவின் கணவருக்கு ஊர் வைத்த பெயர் 'அரைமணி'. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்களைக் குன்றின் மேலுள்ள ஏரிக்குக் கூட்டிப்போவார். வழியில் யார் மூச்சு வாங்க நின்று, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டாலும், "அரைமணி நேரம்தாங்க" என்பார். அடிவாரத்தில் கேட்டாலும் அதே அரைமணிதான். இத்தனைக்கும் மனிதர் நில அளவை அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் அளவுச் சங்கிலி பிடித்தவர். அந்தப் பாதையை அடி சுத்தமாக அளந்து வைத்திருக்கிறார். தெரிந்தே புளுகுகிறவரை என்ன செய்வது? ஆனால் அவரோடு போன ஒருவரும் பாதியில் திரும்பியதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்து ஒரு வருஷமாகிவிட்டது. நடக்கலாம், நடக்கத்தான் வேண்டும் என்றார் டாக்டர். அவளோ வாசல் கேட்டைத் தாண்டவில்லை. ஒரு காலத்தில் மாமாவை முந்திக்கொண்டு குன்றேறியவள். இனி நாற்காலிதான் கதி என்று அவளே முடிவு கட்டிக்கொண்டது எனக்குப் பொறுக்கவே இல்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை விடிந்ததும், மாமா அவளுடைய கான்வாஸ் ஷூவைத் துடைத்துக் கொண்டுவந்து காலடியில் வைத்தார்.

"ஏரிக்கா? எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள் அக்கா.

வரப்போகும் அரைமணிக்காக நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். மாமா தரையைப் பார்த்தார்.

"உன் காலுக்கு மூணரை மணி நேரம் ஆகும். நடுவுல எட்டு இடத்துல உக்காரணும்."

அக்காவுக்கு வந்ததே கோபம்! "ஊருக்கெல்லாம் அரைமணி, எனக்கு மட்டும் மூணரையா? அவ்வளவு மோசமாவா போயிட்டேன்?"

"அவங்க என்னை நம்பலேன்னா பரவாயில்ல. நீ நம்பணும்."

அக்கா அவரை முறைத்துக்கொண்டே ஷூவை மாட்டினாள்.

எட்டு இடம் என்றவரின் கணக்கு தப்பிப்போயிற்று. பதினோரு இடத்தில் உட்கார்ந்தோம், அதில் மூன்று எனக்காக. ஆறாவது இடத்தில் அக்கா அழுதேவிட்டாள். மாமா தண்ணீர் பாட்டிலை நீட்டி, "பாதி தாண்டியாச்சு. அதுக்கு மேல நூத்திப்பத்து அடியும் வந்தாச்சு" என்றார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஏரிக்கு வந்து சேர்ந்ததும் அந்தத் தழும்புக்காலை அவள் தண்ணீருக்குள் இறக்கினாள்.

இறங்கி வருகையில், அடிவாரத்துக்குச் சற்று மேலே முகம் சிவந்த ஒரு பெண் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இன்னும் ரொம்ப தூரமா?"

அக்கா ஒரு தடவை மாமாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லம்மா, அரைமணி நேரம்தான்."