பாலில் இறங்குமா

என் இரண்டாவது குழந்தை பிறந்தபோது மூத்தவள் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. வயிறு தெரிய ஆரம்பித்ததிலிருந்து பனியன் கம்பெனி வேனில் பக்கத்து சீட்டுப் பெண்கள் என்னிடம் நேராக ஒன்றும் கேட்க மாட்டார்கள். என்னைத் தாண்டி ஜன்னலோரம் இருப்பவளிடம், "இந்த வருஷம் யாரு ஊட்டுலயோ தொட்டில் கட்டறாங்களாமா?" என்று கேட்பார்கள். நான் பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் குனிந்துகொள்வேன். சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். பேச வேண்டிய இடத்தில் கைக்கு ஏதாவது வேலை தேடிக்கொள்வேன்.

குழந்தை பிறந்தபின் கம்பெனிக்குப் போகவில்லை. பக்கத்து யூனிட்டில் தைத்த பனியன்களை வாங்கி வந்து வீட்டில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக் கொடுத்தேன். மடியில் துணி, துணிக்குப் பக்கத்தில் பாப்பா. அவள் பால் குடிக்கும்போது எனக்கு ஓய்வு. சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த நேரங்களில் ஏதேதோ யோசனைகள் வரும். மூத்தவளுக்குப் பால் கொடுத்த காலத்தில் இதையெல்லாம் யோசிக்க நேரமே கிடைத்ததில்லை. முதல் நாள் பூண்டுக் குழம்பு சாப்பிட்டிருந்தால் மறுநாள் பாப்பா வாயை எடுக்காமல் குடிப்பதுபோல் எனக்குத் தோன்றும். பூண்டு பிடித்துவிட்டதா? நான் தின்பதில் எது எது அங்கே போய்ச் சேருகிறது, எது பாதி வழியில் நின்றுவிடுகிறது? இதை யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

பாப்பாவுக்கு எட்டு மாதம் ஆகும்போது என் கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது. மாசமாக இருந்தபோதே அதில் ஒரு மூலை உடைந்திருந்தது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பல்லில் கை வைக்கக் கூடாது என்றார்கள். பிறந்தபிறகு, பால் கொடுக்கும்போதும் கை வைக்கக் கூடாது என்றார்கள். ஏன் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. கிராம்பை வைத்துக் கடித்தேன், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். கடைசியில் சோற்றுப் பருக்கை பட்டாலே உச்சந்தலை வரைக்கும் தெறித்தது.

எங்கள் தெருமுனையில் மருந்துக்கடைக்கு மேலே புதிதாக ஒரு பல் ஆஸ்பத்திரி வந்திருந்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண். தெற்குச் சீமைக்காரர், இந்த ஊருக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பல்லைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வேர் வரைக்கும் சொத்தை போய்விட்டது, சீழ் பிடித்திருக்கிறது, மாத்திரை சாப்பிட்டு அது அடங்கியபிறகு ஊசி போட்டுப் பிடுங்கிவிடலாம் என்றார்.

"கைக்குழந்தை இருக்குதுங்க" என்றேன்.

அதற்குத் தக்க மாத்திரையாகவே எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டுச் சீட்டில் எழுத ஆரம்பித்தார். வேறொருத்தியாக இருந்தால் அதோடு நிம்மதியாக எழுந்து வந்திருப்பாள். எனக்கு மனம் அடங்கவில்லை. மாத்திரையும் மரத்துப்போகிற ஊசியும் பாலில் இறங்குமா என்று கேட்க வேண்டும். ஆனால் கதவு திறந்திருந்தது. வெளி பெஞ்சில் கம்பெனிப் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காதுபட 'பால்' என்ற வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை. அதனால் கம்பெனியில் நாங்கள் பேசும் வார்த்தையில், தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"பிளீடிங் ஆகுங்களா?"

"லேசா ஆகத்தான்க்கா செய்யும்" என்றார் டாக்டர், தலை நிமிராமல். "எல்லாருக்கும் ஆகுறதுதான். பஞ்சு வச்சா நின்னுரும்."

எங்கள் ஊரில் பிளீடிங் என்றால் சாயம் இறங்குவது. வெள்ளை பனியனுக்குச் சிவப்புக் கழுத்துப்பட்டி வைத்துத் தைப்போம். துவைத்துப் பார்க்கும்போது அந்தச் சிவப்பு கசிந்து வெள்ளையில் பரவினால் அதுதான் பிளீடிங். அப்படி ஆன பீஸ் தனியாக ஒதுக்கப்படும். செக்கிங்கில் எத்தனையோ வருடம் நின்ற எனக்கு அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று தோன்றவே இல்லை. ஆக, மருந்து பாலில் இறங்கத்தான் செய்யும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். பஞ்சை எங்கே வைப்பது என்றுதான் புரியவில்லை. பால் கசிந்தால் உள்ளே துணி வைத்துக்கொள்வோமே, அதுபோல இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அப்படி வைத்தால் மருந்து மட்டும் எப்படி நிற்கும்? படிகளில் இறங்கும்போது அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

மாத்திரை ஒரு பக்கம் சிவப்பும் ஒரு பக்கம் மஞ்சளுமாக இருந்தது. ஒன்றை இரண்டாகப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே வெறும் வெள்ளைத் தூள். நாக்கில் வைத்தால் கசந்தது. இன்னொன்றை முழுங்கினேன். கொஞ்ச நேரம் கழித்து வெள்ளைத் துணித் துண்டு ஒன்றை எடுத்து அதில் பாலைப் பீச்சி, வெயிலில் காயவைத்தேன். சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. கரண்டியில் கொஞ்சம் எடுத்துச் சுவைத்தும் பார்த்தேன். லேசான இனிப்பு, அவ்வளவுதான். ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. முதல் துவைப்பில் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு கழுத்தை அறுக்கிற சாயம் எத்தனை பார்த்திருக்கிறேன். மீதி மாத்திரைகளை அலமாரி மேல் வைத்துவிட்டேன்.

மாவுப்பால் டப்பா ஒன்று வாங்கி, புட்டியில் கரைத்துப் பாப்பாவுக்குக் கொடுத்துப் பார்த்தேன். அவள் ஒரு வாய் இழுத்துவிட்டு, அது என்ன என்பதுபோல் என்னைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் என் மேலேயே துப்பினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலிலிருந்து என் கணவரின் அக்கா வந்தார். நங்கையா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். என் கன்னத்தைப் பார்த்ததுமே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மிணி, பல்லா பாலா, ஒண்ண உட்டுரு. எட்டு மாசம் குடுத்தது போதும். மார்ல வேப்பெண்ணெயத் தடவிட்டீன்னா ரெண்டே நாள்ல அவளே மறந்துக்குவா. இதுக்கு மேல உனக்கு என்ன, இன்னொண்ணா பொறக்கப் போவுது?"

கடைசி வார்த்தையைச் சிரிப்புக்காகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் உள்ளே போய்த் தைத்தது. இன்னொன்று பிறக்கப் போவதில்லை. மூத்தவளுக்கு மூன்று மாதத்தோடு பாலை நிறுத்திவிட்டு ஷிஃப்டுக்குப் போனவள் நான். பால் கட்டிக்கொண்டு, ரவிக்கை நனைந்து, மெஷின் பக்கம் திரும்பி நின்ற நாட்கள் அவை. இந்தப் பாப்பாவுக்குத்தான் அவள் கேட்கிறபோதெல்லாம் மடியைக் கொடுக்க முடிந்தது. பாலை நிறுத்தினால் இனி என் வாழ்க்கையில் அது இல்லை. இதை நங்கையாவிடம் எப்படிச் சொல்வது? சரிங்க என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன்.

வேப்பெண்ணெய்ப் புட்டியை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு அவர் சாயங்காலம் ஊருக்குக் கிளம்பினார். நான் அதைத் தொடவில்லை. மாத்திரையையும் தொடவில்லை. இரண்டு நாளில் வலது கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழே வரைக்கும் வந்துவிட்டது. காய்ச்சலும் அடித்தது.

என் கணவர் கட்டிங் மாஸ்டர். ஒரு துணியை விரித்துப் பார்ப்பதுபோல் என் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு பக்கம் ஸ்மாலு, ஒரு பக்கம் டபுள் எக்ஸெல்லு. ஒரே பீஸ்ல ரெண்டு சைஸ் வந்தா நான் என்ன பண்றது?" என்றார். அன்றைக்குச் சிரித்தால்கூட வலித்தது. அவரும் பயந்துதான் போயிருந்தார். பாப்பாவை என் மடியில் வைத்து வண்டியில் உட்கார வைத்து நேராக டாக்டரிடம் கூட்டிப் போனார்.

டாக்டருக்குக் கோபம் வந்தது. மாத்திரையைச் சாப்பிட்டிருந்தால் இப்படி வீங்கியிருக்காது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கழுத்துக்கு இறங்கிப் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டி வந்திருக்கும் என்றார். நான் பாப்பாவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். வழியில் நான் சொன்னதை வைத்துக் கணவர்தான் வாய் திறந்தார்.

"பிளீடிங் ஆகும்னு பயந்துக்கிட்டா, டாக்டரம்மா."

"பிடுங்கவே இல்லயே, அதுக்குள்ள எங்க பிளீடிங்? வாயத் தொறங்கக்கா."

"வாயில இல்லீங்க" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன். "பால்லதானுங்க."

டாக்டர் முகம் மாறிவிட்டது. கையிலிருந்த கண்ணாடிக் கம்பியைக் கீழே வைத்தார்.

"பால்ல ரத்தம் வருதா? எத்தன நாளா வருதுக்கா? புண்ணு ஏதும் இருக்கா?"

நான் விழித்தேன். கணவரும் விழித்தார். பிறகு அவருக்குத்தான் முதலில் பிடிபட்டது. என் கழுத்தில் கட்டியிருந்த ஆஸ்பத்திரித் துண்டின் நுனியைப் பிடித்து டாக்டருக்குக் காட்டினார். வெள்ளைத் துண்டில் சிவப்புக் கரை. துவைத்துத் துவைத்துக் கரையைச் சுற்றி வெள்ளையெல்லாம் ரோஸ் ஆகியிருந்தது.

"எங்க ஊர்ல இதுதானுங்க பிளீடிங்கு. மாத்திரையோட சாயம் பால்ல இறங்குமான்னு கேட்டிருக்குறா. நீங்க இறங்கும்னு சொல்லியிருக்கறீங்க."

டாக்டர் துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை.

"எங்க ஊர்ப்பக்கம் இதச் சாயம் போகுதுன்னுதான் சொல்லுவோம்" என்றார். "அப்ப பஞ்சு வைக்கச் சொன்னனே, அத என்னன்னு நினைச்சிய?"

அதை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதியிருப்பதோடு சரி.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு என் முன்னால் உட்கார்ந்தார்.

"மருந்து பாலுக்குப் போகும்க்கா. போகாதுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா துளிதான் போகும். இதே மருந்தக் கைப்புள்ளைக்குக் காதுல சீழ் வச்சா சிரப்பா நேராவே கொடுக்கோம். அதுக்கு முன்னால பால்ல வர்றது ஒண்ணுமே இல்ல."

நான் வாய் திறந்து கேட்க ஆரம்பித்தது அப்போதுதான். மரத்துப்போகிற ஊசி போட்டுக்கொண்டு பால் கொடுத்தால் பாப்பாவின் நாக்கும் மரத்துப்போகாதா என்று கேட்டேன். அது தாடையில் போட்ட இடத்தில்தான் வேலை செய்யும், ரத்தத்தில் கலப்பதே கொஞ்சம், பாலுக்குப் போவது அதிலும் கொஞ்சம், அதையும் குழந்தையின் வயிறு அவ்வளவாக ஏற்றுக்கொள்ளாது என்றார். அப்படியானால் ஊசி போட்டபின் எவ்வளவு நேரம் கழித்துக் கொடுப்பது? காத்திருக்கவே வேண்டாமாம், பீச்சிக் கொட்டவும் வேண்டாமாம். பல்லைப் படம் எடுத்தார்களே, அது பாலைக் கெடுக்குமா? கெடுக்காது. காய்ச்சல் மாத்திரை? எழுதித் தருவதைச் சாப்பிடலாம். ஆனால் எல்லா மாத்திரையும் ஒன்றுபோல் கிடையாது, நீங்களாகக் கீழே கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுவிடாதீர்கள் என்று அழுத்திச் சொன்னார். பாப்பாவுக்கு வயிற்றால் போனாலோ, வாயில் வெள்ளையாக மாவு படிந்தாலோ வந்து காட்டச் சொன்னார்.

"பூண்டுங்க?" என்றேன்.

"என்ன பூண்டு?"

"நான் பூண்டு தின்னா அவளுக்குத் தெரியுங்களா?"

வாசனை போகும் என்று சொல்கிறார்கள், சில குழந்தைகளுக்கு அது பிடிக்கவும் செய்யுமாம் என்றார். நான் நினைத்தது வெறும் மனப்பிரமை இல்லை என்று தெரிந்ததும் எனக்கு வீக்கமே பாதி வற்றியதுபோல் இருந்தது. வண்டியில் திரும்பி வரும்போது கணவர், "கண்ணாலம் ஆகி இத்தன வருஷத்துல எங்கிட்டக்கூட நீ இத்தன கேள்வி கேட்டதில்லீயே" என்றார்.

மாத்திரைகளை நேரம் தவறாமல் சாப்பிட்டேன். வீக்கம் வடிந்தது. பாப்பாவுக்கு ஒரு நாள் மட்டும் கொஞ்சம் இளக்கமாகப் போனது, அடுத்த நாள் சரியாகிவிட்டது. நங்கையா போனில் விசாரித்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. "அந்தப் புள்ளைக்குக் கண்ணாலம் ஆயிருச்சா, குழந்தை இருக்குதா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். ம் என்றார்.

பல் பிடுங்கும் நாளில் பாப்பாவுக்கு முதலிலேயே பால் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். ஊசி எறும்பு கடித்ததுபோல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கன்னம் என்னுடையதாக இல்லாமல் போனது. பல் வரும்போது சத்தம்தான் கேட்டது, வலி இல்லை. பஞ்சைக் கடிக்கச் சொல்லி வைக்கும்போது டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் ஒரு பக்கமாகச் சிரித்தேன்.

வெளியே பாப்பா கணவரின் தோளில் சிணுங்க ஆரம்பித்திருந்தாள். டாக்டர் படம் எடுக்கும் சின்ன அறையைத் திறந்துவிட்டு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். முந்தானையை இழுத்துவிட்டு அவளை மடியில் போட்டேன். அப்போதும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு வழக்கம்போல் சுருங்கி, பிடித்து, இழுத்தது. தொண்டை ஏறி இறங்கியது. மரத்துப்போனவள் நான் மட்டும்தான்.

அவள் பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒரு பக்கம் கோணிக்கொண்டு தொங்கிய என் வாயை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. கையை நீட்டி என் கீழுதட்டைப் பிடித்து இழுத்தாள். எனக்கு அது தெரியவே இல்லை, கண்ணால்தான் பார்த்தேன். கண்ணு என்று கூப்பிட நினைத்தேன். பஞ்சுக்கு நடுவே வேறு ஏதோ சத்தம் வந்தது. அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, மறுபடியும் முகத்தைத் திருப்பிக் குடிக்க ஆரம்பித்தாள்.