கல்குலேற்றர் கட்டிய தடி

ஒரு சட்டைப்பை றேடியோ, ஒரு கல்குலேற்றர், வீடு கூட்டும் ஒரு தும்புத்தடி. மூன்றையும் ஒட்டும் ரேப்பால் சுற்றிக் கட்டினால் உலோகம் கண்டுபிடிக்கும் கருவி தயார். பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சியில் எனக்கு மூன்றாம் பரிசு வாங்கித் தந்தது அதுதான். கல்குலேற்றர் தன் பாட்டில் மெல்லிய மின் இரைச்சலை வெளிவிடும். நிலையம் எதுவும் பேசாத இடத்தில் றேடியோவைத் திருகி வைத்தால் அந்த இரைச்சல் 'ஙொய்' என்று கேட்கும். பக்கத்தில் இரும்பு வந்தால் ஙொய், கீச்சாக மாறும். மட்டைக்குக் கீழே ஒளித்து வைத்த கரண்டியை அது ஒவ்வொரு முறையும் பிடித்தது. நான்கு விரல் தூரம் தாண்டினால் ஒன்றையும் பிடிக்காது. நடுவர்கள் அதைக் கேட்கவில்லை.

கண்காட்சிக்கு வந்த பக்கத்து வீட்டு அன்ரியும் கேட்கவில்லை.

போர் முடிந்து நாங்கள் அடம்பன் பக்கம் மீளக்குடியேறி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அன்ரியும் மகளும் எங்களுக்குப் பிறகு தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய காணியில் கண்ணிவெடி அகற்றி, ஆபத்தில்லை என்று பலகை நட்டு, கையளித்தாகிவிட்டது. ஆனாலும் அன்ரி வேலிப் படலையிலிருந்து கொட்டில் வரைக்கும் உழவு மிசின் போன தடத்தில் மட்டும்தான் நடப்பார். மகளுக்கும் அதே சட்டம். பின்மூலையில் மலசலகூடக் குழி வெட்ட வேண்டும். சீமெந்தும் வந்து கிடந்தது. மண்வெட்டியோடு வந்தவர்களை அன்ரி படலையிலேயே திருப்பி அனுப்பினார். குமர்ப்பிள்ளையான மகள் வாளியும் கையுமாக எங்கள் வீட்டு மலசலகூடத்துக்கு வந்து போனாள். மாரிமழையும் தொடங்க இருந்தது.

"தம்பி, உங்கட மிசினைக் கொண்டு வந்து அந்த மூலையை ஒருக்காப் பாருங்கோவன்."

"அன்ரி, அது கரண்டி பிடிக்கிற மிசின்."

"கரண்டியைப் பிடிக்கிறது குண்டைப் பிடிக்காதோ?"

நான் நம்பியது பலகையை. சத்தம் மாறாமல் அந்த மூலை வரை நடந்து காட்டினால் அன்ரிக்குத் துணிவு வரும் என்பதுதான் என் கணக்கு. "உனக்கு மூளை கழண்டு போச்சோ?" என்று அம்மா கேட்டார். நான் ஏற்கெனவே படலை தாண்டியிருந்தேன்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. புல் முழங்கால் வரை நின்றது. தடத்தில் நின்ற மகள், "அண்ணா, கரண்டி கிடைச்சா எங்களுக்குத்தான்!" என்றாள். நானும் சிரித்தேன்.

பாதி வழியில் ஙொய் நெளிந்தது. பிறகு கீச்சென்று ஏறியது.

நின்றுவிட்டேன். பலகைமேல் இருந்த நம்பிக்கை எங்கே போனதோ தெரியாது. மூன்றாம் பரிசுக் கருவியை அந்தக் கணத்தில் என்னைப்போல் நம்பியவர் உலகத்தில் யாரும் இல்லை.

"அசையாதேங்கோ தம்பி!"

"அசையேல்லை அன்ரி."

"காலைத் தூக்காதேங்கோ!"

"தூக்கேல்லை எண்டுறன்!"

ரோட்டு முனையில் வாடகைக்கு இருந்த அக்கா கண்ணிவெடி அகற்றும் குழுவில் வேலை செய்தார். அவரைக் கூப்பிட மகள் தடத்தாலேயே ஓடினாள். கணுக்காலில் எறும்பு ஏறியது. குனிந்து தட்டப் பயம். கருவியை நிலத்திலிருந்து மெல்ல உயர்த்தினேன். சத்தம் குறையவில்லை. இன்னும் உயர்த்தினேன். கூடியது. விஞ்ஞானம் படித்தவனுக்கு அந்த இடத்தில் விளங்கியிருக்க வேண்டும். குண்டு பெரியது போலும் என்றுதான் நான் நினைத்தேன்.

பிறகு கீச்சுக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் கரகரத்தது. "...நிலக்கடலைப் பயிரைத் தாக்கும் பூச்சிகளை..."

அன்ரி காதைத் தீட்டினார். "தம்பி, இது விவசாயச் செய்தியெல்லோ! முகாமில இந்த மனிசன்ர குரலைக் கேட்டுத்தான் பின்னேர அடுப்பு மூட்டினனான்."

பொழுது சாய்ந்தால் மத்திய அலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வெகுதூரம் வரும். பகலில் றேடியோவில் வெறுமையாகக் கிடக்கும் இடங்களிலெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கத்து நிலையங்கள் வந்து குந்திக்கொள்ளும். கண்காட்சி நடந்தது காலையில். மூளைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காலுக்குத்தான் விளங்கவில்லை.

"அப்ப வாங்கோவன்," என்றார் அன்ரி.

"வாறன் அன்ரி," என்றேன். போகவில்லை.

அக்கா ஈரத்தலையில் துவாய் சுற்றியபடி வந்தார். என்னையும் தடியையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்களோ விஞ்ஞானி?" என்று கேட்டுக்கொண்டே தடத்தை விட்டுப் புல்லுக்குள் இறங்கினார்.

"பிள்ளை, தடத்தால போ!" அன்ரி கத்தினார்.

"அன்ரி, இந்த மூலையை முழங்காலில இருந்து சாண் சாணாத் துப்பரவாக்கினது நான். பலகையை நம்பாட்டி என்னை நம்புங்கோ." றப்பர் செருப்பால் என்னைச் சுற்றி ஓங்கி மிதித்தார். "இஞ்சயோ சத்தம்? இஞ்சயோ? காலை எடுங்கோ தம்பி, எனக்குச் சோறு ஆறுது."

எடுத்தேன்.

"இனி இந்தத் தடியோட ஒரு காணிக்கையும் இறங்கப்படாது," என்றார், இப்போது சிரிக்காமல். "துப்பரவாக்காத காணியில இது சத்தம் போடாமல் இருந்திருந்தா?"

சத்தத்துக்குத்தான் நான் பயந்திருந்தேன்.

அன்ரி தடத்தின் விளிம்பில் நின்றார். ஒரு காலைப் புல்லில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பின்னால் வந்த மகளை, "நீ அங்கயே நில்லு," என்று நிறுத்தினார். அக்கா வந்து நீட்டிய கையைப் பிடித்தபடி நான் நின்ற இடத்துக்கு வந்து, மூலை வரை போய், அங்கே ஒருமுறை மெல்ல மிதித்தார்.

"சரி," என்றார் மகளிடம். "மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வா."

நான் றேடியோவை நிறுத்தப் போனேன்.

"விடுங்கோ தம்பி," என்றார் அன்ரி. "இனித்தான் அவன் மழையைப் பற்றிச் சொல்லுவான்."