சூரியன் அடையாத ஊருக்குச் சமையல்காரன்

தங்கவயலிலிருந்து ரயிலேறி வந்து, பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன். வடதுருவத் தீவுக்கு டூர் போகிறவர்களுக்குச் சமையல்காரன் வேண்டுமாம். எனக்குத் தெரிந்த வடக்கு, இந்த ஊரின் வடகோடி ஹெப்பாலோடு முடிகிறது. ஆனால் சுரங்கத்து கேன்டீன் மூடியதிலிருந்து வேறு வேலை கிடைக்கவில்லை.

"டிசம்பர்ல அங்க விடியவே விடியாது. ஜூன்தான் நல்ல சீசன். ஆனா ஜூன்ல சூரியன் அடையாது," என்கிறார் முதலாளியம்மா. "போன சமையல்காரர் தூக்கமில்லாம பாதியிலயே ஓடிட்டார்."

"மேடம், நான் நைட் ஷிப்ட் ஆளு. தகரக் கூரைக்குக் கீழ பட்டப்பகல்லதான் தூங்குவேன். ஜூனே போடுங்க."

"அப்படியா? அந்த பெஞ்சுல படுங்க, பாக்கலாம்."

நைட் ஷிப்ட் வழக்கப்படி துண்டை நனைத்துக் கண்ணில் போட்டுப் படுக்கிறேன். ஜன்னல் வெயில் முகத்தில் விழுகிறது. தூங்குமூஞ்சி என்று ஊரே திட்டிய எனக்கு, இன்று பார்த்துத் தூக்கம் வரவில்லை. செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்து நிற்கிறது.

குறட்டை விடத் தொடங்குகிறேன்.